கியர் பெட்டிக்குள் 4 குண்டுகள்!

கிளச்சை மிதிக்க வேண்டாம். கியர் மாற்ற வேண்டாம். காரே மாற்றிக் கொள்ளும்!

1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இந்த வசதியைக் கொடுத்தது, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. 1969-ம் ஆண்டு மாடல் கார்களுக்கு அதே கம்பெனி "டர்போ ஹைட்ரமாட்டிக் 350" என்ற பெட்டியைச் செய்தது. அதில் 3 கியர்கள். பழைய கார் பிரியர்கள் இன்றும் இதைக் கழற்றிப் பூட்டுகிறார்கள்.

யாரும் கழற்றி விடலாம். கை, கால், கண்ணுக்குச் சேதம் இல்லாமல் கழற்ற வேண்டுமே!

நெஞ்சின் மேல் கார்!

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி வழுக்கினால் கார் நெஞ்சின் மேல் உட்காரும். சமதரையில் நிறுத்தி, இரும்பு முட்டுகள் கொடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பேட்டரி கம்பியையும் கழற்றி விடுங்கள்.

ஓடி வந்த காரில் எண்ணெய் சுடும். ஆறட்டும். அடித்தட்டில் 13 போல்ட்டுகள். அத்தனையையும் ஒரே மூச்சில் கழற்றினால் எண்ணெய் முகத்தில் கொட்டும். ஒரு மூலையைத் தளர்த்தி வடிய விடுங்கள்.

எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளச் தட்டுகள் கருகி இருக்கின்றன. தட்டின் அடியில் சாம்பல் நிற மாவு கொஞ்சம் இருந்தால் பயம் இல்லை. அது தேய்மானம். பளபளக்கும் இரும்புத் துண்டுகள் கிடந்தால் உள்ளே ஏதோ உடைந்து விட்டது.

பெட்டியின் கனம் 50 கிலோவுக்கு மேல். இதற்கென்று உள்ள ஜாக்கியில் கட்டி இறக்க வேண்டும். முன்னால் இருக்கும் "டார்க் கன்வெர்ட்டர்" என்ற கனத்த உருளை, பெட்டி சாய்ந்தால் நழுவிக் காலில் விழும். அதையும் கம்பியால் கட்டுங்கள்.

பணியாரச் சட்டி

வால்வுக் கட்டையைக் கழற்றினால் பட்டாணி போல் 4 இரும்புக் குண்டுகள் இருக்கும். ஒன்று இடம் மாறினாலும் கியர் தாறுமாறாக விழும். தொடுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். சிறு பாகங்களைப் போட்டு வைக்கப் பணியாரச் சட்டி நல்லது, குழிக்கு ஒன்று! (வீட்டில் கேட்டால் என்னைக் காட்டிக் கொடுக்காதீர்கள்.)

கிளச்சின் உள்ளே வலுவான ஸ்பிரிங்குகள் அழுந்தி இருக்கின்றன. அவற்றை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் வளையத்தை நெம்பக் கூடாது. அது கண்ணைத் தேடி வரும். கண்ணாடி அணியுங்கள்.

பெட்ரோலில் கழுவாதீர்கள். அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக் கொள்ளும். பாகங்கள் கழுவுவதற்கென்றே விற்கும் திரவத்தைக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். பழந்துணியால் துடைப்பதும் தப்பு. ஒரு நூலிழை போதும், எண்ணெய் ஓடும் சிறு துளையை அடைத்து விடும். காற்றடித்து உலர்த்துங்கள். புதுக் கிளச் தட்டுகளைப் புது எண்ணெயில் ஊற வைத்த பிறகே பூட்ட வேண்டும்.

பூட்டும்போது பலர் ஏமாறுவது கன்வெர்ட்டரில்தான். அது உள்ளே முழுவதும் அமராமல் போல்ட்டுகளை இறுக்கினால் எண்ணெய் பம்பு உடையும். என்ஜினோடு பெட்டியைச் சேர்த்ததும், கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றவில்லையா? ஸ்பானரைக் கீழே வையுங்கள். பெட்டியை வெளியே இழுத்து, மறுபடி பொருத்துங்கள்.