பிராண்டட் பை... பார்சலில் வந்தது ஒரிஜினலா?

பார்சலைப் பிரிக்கும் முன்பே போனில் வீடியோவை ஆன் செய்துவிடுங்கள். லேபிள், சீல், உள்ளே இருக்கும் பொருள் எல்லாம் ஒரே ஷாட்டில் பதிவாகட்டும். 'நாங்கள் அனுப்பியது இது இல்லை' என்று விற்பவர் கைவிரித்தால், அதுதான் சாட்சி.

ஆர்டர் போடும்போதே சில விஷயங்கள் தெரிந்துவிடும். லூயி வுய்ட்டான் தன் பைகளைத் தள்ளுபடியில் விற்பதில்லை. 80% ஆஃபரில் அந்தப் பெயரைப் பார்த்தால் நகர்ந்துவிடலாம். 'ஃபர்ஸ்ட் காப்பி', '7ஏ' என்று போட்டிருந்தால், போலி என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார். (போலிக்கும் கிரேடு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!) ரே-பான் லென்ஸின் ஓரத்தில் 'ஆர்.பி' என்று பொடியாகப் பொறித்திருக்கும். ஆனால், அதையும் காப்பியடிக்கிறார்கள். எனவே, விற்பவர் அங்கீகரிக்கப்பட்டவர்தானா என்று பிராண்டின் வெப்சைட்டில் பார்த்துவிடுவதே நல்லது.

ஏமாந்துவிட்டீர்களா? 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி, போலிப் பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் புலம்பிக்கொண்டிருக்காமல், வீடியோவோடு அவருக்கே மெயில் போடுங்கள்.

அசையவில்லையா? 1915-க்கு போன் செய்யுங்கள். அடுத்தது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலும் வழக்குப் போடலாம்.

'போனது போகட்டும், வேறு யாருக்காவது விற்றுவிடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். தெரிந்தே போலியை விற்றால், வணிகச் சின்னங்கள் சட்டப்படி 3 ஆண்டுகள் வரை சிறை!