பேரிடரிற் குறுஞ்செய்தி

2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலை சுமாத்திராவுக்கு அப்பால் நில அதிர்ச்சி நிகழ்ந்து ஒரு மணிநேரத்துக்கு மேற்சென்ற பின்னரே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளிற் கடல் ஏறியது. அதற்குள் முறையான எச்சரிக்கை எதுவும் கரையை எட்டவில்லை. அலை வடிந்தபின் உற்றாரைத் தேடியோர் ஒருங்கே தொலைபேசியை நாடினமையால் இலங்கையிற் குரலழைப்புகள் தடைப்பட்டன. குறுஞ்செய்திகளோ பல இடங்களிற் சென்று சேர்ந்தன.

இதற்குக் காரணம் யாது? குரலழைப்பு, பேச்சு முடியுமட்டும் ஒரு வழியைத் தனக்கென வைத்துக்கொள்ளும். குறுஞ்செய்திக்கு அவ்வழி வேண்டுவதில்லை. அது கணப்பொழுதிற் கடந்துவிடும். பெறுவோரின் கருவி எட்டாவிடின் நிலையத்திலே தங்கிநின்று பின்னர்ச் சென்றடையும். ஆயின் கோபுரங்கள் செயலற்றவிடத்து அதுவும் பயன்படாது.

ஆங்கிலத்தில் ஒரு செய்தி 160 குறிகளைக் கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ஆதலின் இருக்குமிடம், நலம், செல்லுமிடம் ஆகிய மூன்றையே எழுதுதல் தகும். “சாய்ந்தமருது. நால்வரும் நலம். சம்மாந்துறை செல்கிறோம்.” இஃது 70 குறிகளுள் அடங்கும்.

குடும்பத்தார் எங்கே கூடுவது, வெளியூரில் எவருக்கு அனைவரும் செய்தி அனுப்புவது என்பவற்றைக் கடல் அமைதியாயிருக்கும் நாளிலேயே பேசி வைத்தல் வேண்டும்.