தொப்பி வருது... ஓடாதீங்க பாஸ்!

லண்டன் போறீங்களா? மேல்படிப்போ, இன்டர்ன்ஷிப்போ, சித்தப்பா வீட்டு விசிட்டோ... எதுவா இருந்தாலும் முதல் வாரமே பர்ஸ் இளைச்சுடும். 'லண்டன் ஐ' டிக்கெட் விலையை ரூபாய்ல பெருக்கிப் பார்த்துட்டு, 'கீழே நின்னே ரசிச்சுக்கலாம்'னு திரும்புற நம்ம ஜாதிக்குன்னே ஒரு இடம் இருக்கு. கோவன்ட் கார்டன்!

ஒரு காலத்தில் அது நம்ம கோயம்பேடு மாதிரி காய்கறி, பழ மார்க்கெட். 1974-ல் மார்க்கெட்டை நைன் எல்ம்ஸுக்கு மாத்திட்டாங்க. 1980-ல் பழைய கட்டடம் கடைகளும் காபி ஷாப்புகளுமா மறுபடி திறந்தது. கடைகளை விடுங்க. அசல் கூட்டம் நிக்கிறது வெளியே, செயின்ட் பால்ஸ் சர்ச் முன்னாடி. (பெரிய கோபுரத்தோட இருக்கே, அந்த கதீட்ரல் வேற. குழம்பிடாதீங்க!) சர்ச்சோட பெரிய தூண்கள்தான் பேக்டிராப், கல் பாவின தரைதான் மேடை. 1662-ல் இங்கே ஒரு இத்தாலிக்காரர் நடத்தின பொம்மலாட்டத்தை ரசிச்சதா சாமுவேல் பீப்ஸ் தன் டைரியில் எழுதி வெச்சிருக்கார். அதைச் சொல்ற கல்வெட்டு சர்ச் சுவர்லயே இருக்கு. ஆக, 350 வருஷத்தைத் தாண்டின பிசினஸ் இது!

வித்தை காட்டுறது ரெண்டாம்பட்சம். அந்த ஆள் கூட்டம் சேர்க்கிற டெக்னிக்தான் செம சுவாரஸ்யம். முதல்ல வெறும் தரையில் கயிறை வட்டமாப் போட்டுட்டு, யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக் கத்திட்டு இருப்பார். 'யாருப்பா இந்த லூசு?'னு நாலு பேர் நிப்பாங்க. அந்த நாலு பேரையும் விடாம, பத்தாயிரம் பேர் மாதிரி கைதட்டி விசிலடிக்கச் சொல்லுவார். சத்தம் கேட்டு நாப்பது பேர் வருவாங்க. உடனே, 'எல்லாரும் ரெண்டடி முன்னால வாங்க' என்பார். முன் வரிசை கயித்துக்கிட்ட வந்துட்டா, பின்னால இன்னொரு வரிசைக்கு இடம். அதோட, முன்னால நிக்கிறவர் நைஸா நழுவவும் முடியாது. தொழில் பாஷையில் இந்த முன் வரிசைக்கு 'எட்ஜ்'னு பேர்.

அடுத்தது சஸ்பென்ஸ். ஆளைவிட உயரமான ஒத்தைச் சக்கர சைக்கிள், பக்கத்தில் மூணு கத்தி. முதல் நிமிஷத்திலேயே எல்லாம் கண்ணுல படும். ஆனா அதைத் தொட அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஜோக்கு, கூட்டத்துல இருந்து ஒரு அப்பாவியை இழுத்து வெச்சுக் கலாய்க்கிறதுனு ஓடும். கடைசியா சைக்கிள் மேல ஏறி, கத்தியைக் கையில் வாங்கினதும்... நிறுத்திடுவார்! 'எனக்கு சம்பளம் கிடையாது, தொப்பியில் விழுறதுதான்'னு பணப் பேச்சு அப்போதான் வரும். ஏன் அப்போ? வித்தை முடிஞ்ச அடுத்த செகண்ட் பாதிப் பேர் எஸ்கேப் ஆயிடுவாங்களே!

நான் நின்ன அன்னிக்கு, சரியா அந்தப் பணப் பேச்சு நேரத்தில் தூறல். இருநூறு பேர் கூட்டம் ஒரே நிமிஷத்துல குடைக்கும் கடை வாசலுக்குமா கலைஞ்சுபோச்சு. முப்பது பேர் தேறினால் அதிகம். முக்கால் மணி நேர உழைப்பு அம்பேல்! மனுஷர் இறங்கலையே. வழுக்குற கல்லுல, ஈரக் கத்தியை மூணு சுத்து சுத்திட்டுத்தான் இறங்கினார். தொப்பியில் நோட்டு ஒண்ணுகூட விழலை. பக்கத்தில் கார்டு மெஷின் இருந்தது. அதில் ரெண்டு பேர் தட்டினாங்க. 'சில்லறை இல்லையே'ங்கற சாக்கு இப்பல்லாம் செல்லாது!

தரைக்குக் கீழேயும் கச்சேரி உண்டு. சுரங்க ரயில் ஸ்டேஷன்கள்ல பாடுறது முன்னே சட்டவிரோதம். 2003-ல் ஆடிஷன் வெச்சு லைசென்ஸ் கொடுக்கிற முறை வந்தது. தரையில் பெயின்ட் அடிச்ச அரைவட்டம் தெரிஞ்சா, அது அவங்க மேடை.

ஆனா வீதியில் இப்போ பிரச்னை. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் 2021-ல் லைசென்ஸ் முறை கொண்டுவந்தது. இத்தனை வருஷமா எங்களுக்குள்ளேயே முறை வெச்சு ஒழுங்கா நடத்துறோமே, எதுக்கு இதுனு கோவன்ட் கார்டன் கலைஞர்கள் எதிர்த்தாங்க. கொஞ்ச தூரத்தில் இருக்கிற லெஸ்டர் ஸ்கொயர்லயோ கதையே வேற. ஸ்பீக்கர் வெச்சு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுறாங்கனு, அங்கே ஆபீஸ் வெச்சிருக்கிற ரேடியோ கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. 2025 மார்ச்சில் தீர்ப்பு கம்பெனி பக்கம். ஏப்ரல்ல கவுன்சில் அந்த ஸ்கொயர்ல பாடுறதையே நிறுத்தி வெச்சது.

ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்கிற ஆபீஸ்காரங்க கஷ்டமும் நியாயம்தான். (ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் ஸ்பீக்கர் ஞாபகம் வருதா?) ஆனா ஸ்பீக்கரை அடக்குறதும் சைக்கிள்காரரை அடக்குறதும் ஒண்ணில்லை. ரெண்டுக்கும் ஒரே ரூல் புக் போட்டா, முதல்ல அடிபடுறது மழையிலும் இறங்காத ஆள்தான்.

போறவங்களுக்கு டிப்ஸ்: பிக்காடில்லி லைன் ரயில், கோவன்ட் கார்டன் ஸ்டேஷன். மார்க்கெட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆபரா பாடுவாங்க, அதையும் விடாதீங்க. கயித்துக்கிட்ட நின்னா கலாய்ப்புக்கு ரெடியா இருங்க. ஒரு காபி காசைத் தனியா எடுத்து வெச்சுக்கோங்க. ஸ்டேஷன்ல கெத்தா படியேற மட்டும் கிளம்பிடாதீங்க. மொத்தம் 193 படி!