விளக்கு மங்கியது நிஜம்தான்!

"அக்கா, எனக்கு மூளை கலங்கிப் போச்சோன்னு பயமா இருக்கு!"

இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதை எங்கே வைத்தோம் என்பதே மறந்து போகிறதாம். வீட்டில் ஆளாளுக்கு, "உனக்கு மண்டையில ஒண்ணும் நிக்காது" என்கிறார்களாம்.

அவளை உட்கார வைத்து, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டேன். பாட்ரிக் ஹாமில்டன் எழுதி, 1938-ல் இங்கிலாந்தில் மேடையேறிய நாடகம். 1940-ல் அங்கேயே படமானது. 1944-ல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் க்யூகர் மறுபடி எடுத்த 'காஸ்லைட்' தான் நாங்கள் பார்த்தது.

பவுலாவை வளர்த்த பிரபல பாடகி லண்டன் வீட்டில் கொலையுண்டு போகிறாள். வருஷங்கள் கழித்து, கணவன் கிரிகரியோடு அதே வீட்டுக்குக் குடிவருகிறாள் பவுலா. பிறகுதான் ஆரம்பிக்கிறது கூத்து! அவன் பரிசாகத் தந்த புரூச், அவள் கைப்பையிலிருந்து மாயமாகிறது. சுவரில் மாட்டிய படம் காணாமல் போகிறது. "நீதான் எடுத்திருப்பாய், மறந்துவிட்டாய்" என்று இதமாகவே சொல்கிறான் அவன்.

இரவில் அவன் வெளியே போனதும் அறையின் காஸ் விளக்கு மங்குகிறது. பூட்டிக் கிடக்கும் மேல்மாடியில் காலடிச் சத்தம்! கேட்டால், எல்லாம் அவள் பிரமையாம்.

"அக்கா, விளக்கு நிஜமாவே மங்கிச்சு இல்லே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மங்கிச்சும்மா. நானும் பார்த்தேன்."

ஒரே குழாயில் காஸ் வரும் வீட்டில், ஓரிடத்தில் புதிதாக விளக்கேற்றினால் மற்ற இடத்தில் அழுத்தம் குறைந்து சுடர் தாழும். மேலே விளக்கேற்றியவன் கணவனேதான்! பாடகியைக் கொன்றவனும் அவனே. அவள் நகைகளைத் தேடுகிறான். மனைவிக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டால், தடையில்லாமல் தேடலாமே!

ஒரு கச்சேரியில் தன் கடிகாரத்தைக் காணோமென்று காதோடு சொல்லி, அதை அவள் பையிலிருந்தே எடுக்கிறான். அத்தனை பேர் நடுவில் அவள் குமுறி அழும்போது எங்களுக்கும் தொண்டை அடைத்தது. இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கார் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

அவளை மீட்டது எது? மருந்தல்ல. துப்பறிய வந்த போலீஸ் அதிகாரி தன் கண்ணால் பார்த்துவிட்டு, விளக்கு மங்குகிறதே என்கிறார். அவ்வளவுதான், போன உயிர் திரும்பி வருகிறது அந்த முகத்தில்!

ஒருத்தியைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைப்பதற்கு ஆங்கிலத்தில் 'காஸ்லைட்டிங்' என்ற பெயர் இந்தக் கதையால் வந்ததுதான். 2022-ல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி, அதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

எல்லா மறதிக்கும் பின்னால் ஒரு சதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கமில்லாவிட்டால் மறதி வருவது சகஜம். ஓயாத அழுகை, பயம், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால், கெட்ட எண்ணமே இல்லாமல் சொன்னாலும், "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பதைத் தினம் கேட்டால் எவளும் தளர்ந்து போவாள்.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒருத்தி, "எனக்குத்தான் அப்படித் தோணுதோ?" என்று கேட்டால், சிரித்துத் தள்ளாதீர்கள். ஒரு நிமிஷம் நின்று, நீங்களும் அந்த விளக்கைப் பாருங்கள்!