விமானம் கிளம்பும் முன்பே முடிந்துவிடும் கணக்கு

கறுப்புத் திரையில் சிவப்பாக ஒரு குட்டி விமானம் ஓடி மேலே ஏறுகிறது. கூடவே ஓர் எண்ணும் ஏறுகிறது: 1.00, 1.20, 1.75, 2.40... விமானம் மறைவதற்குள் 'கேஷ் அவுட்' பொத்தானை அழுத்திவிட்டால், கட்டிய பணம் அந்த எண்ணால் பெருக்கப்பட்டுக் கிடைக்கும். 100 ரூபாய் கட்டி 2.40-இல் அழுத்தியவருக்கு 240 ரூபாய். அழுத்துவதற்குள் விமானம் பறந்துவிட்டால் கட்டிய 100 ரூபாயும் போய்விடும். மூச்சு விடுவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

'கிராஷ்' எனப்படும் இந்த வகைச் சூதாட்டம் 2010-களின் நடுவில் பிட்காயின் சூதாட்டத் தளங்களில் பிறந்தது. ஸ்பிரைப் என்ற நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஏவியேட்டர்' அதை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் சாயலில் ராக்கெட், ஜெட், பலூன் என்று எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. உருவம்தான் வேறு. உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றே.

இதில் பணம் விட்டவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: "இன்னும் ஒரு செகண்ட் முன்னாடி எடுத்திருந்தா தப்பிச்சிருப்பேன்." இந்த நினைப்புதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. லாட்டரியில் தோற்றவர் தன் விதியை நொந்துகொள்வார். இதில் தோற்றவரோ தன் விரலை நொந்துகொள்கிறார். அடுத்த முறை சரியாக அழுத்திவிடலாம் என்று நம்புகிறார். ஆனால் விமானம் எந்த எண்ணில் மறையும் என்பது அது கிளம்பும்போதே கணினியில் முடிவாகிவிடுகிறது. திரையில் ஏறும் கோடு, முடிந்துபோன முடிவை மெல்லத் திறந்து காட்டும் படம் மட்டுமே. உங்கள் வேகம், அனுபவம், உள்ளுணர்வு எதுவும் அந்த முடிவைத் தொடுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஏவியேட்டரில் கட்டப்படும் பணத்தில் 97 விழுக்காடு ஆடுபவர்களுக்கே திரும்புகிறது என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த விகிதம் எல்லா எண்களிலும் ஒன்றாக இருக்கும் ஓர் ஆட்டத்தில் விமானம் 2.00 வரை போக வாய்ப்பு 48.5 விழுக்காடு. 10 மடங்கு வரை போக 9.7. 100 மடங்கைத் தொட ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. 1.10-லேயே எடுத்துவிடுகிறேன் என்று எச்சரிக்கையாக ஆடினால் நூற்றில் சுமார் 88 முறை வெல்வீர்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் 10 ரூபாய் வரும். ஒவ்வொரு தோல்விக்கும் 100 ரூபாய் போகும். 880 ரூபாய் வரவு, 1,200 ரூபாய் செலவு. எந்த எண்ணில் வெளியேறினாலும் சராசரியில் 100 ரூபாய்க்கு 97 ரூபாய்தான் கைக்கு வரும். சிறந்த எண் என்று ஒன்று கிடையாது.

மூன்று ரூபாய்தானே என்று தோன்றும். அது உங்கள் கையிருப்பில் மூன்று விழுக்காடு அல்ல, கட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று விழுக்காடு. நிமிடத்துக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 120 சுற்று. கட்டிய மொத்தம் 12,000 ரூபாய். சராசரி இழப்பு 360 ரூபாய். 1,000 ரூபாயோடு உட்கார்ந்தவரின் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு மணி நேரத்தில் கரைகிறது. நள்ளிரவு தாண்டியும் ஆடுபவரின் கணக்கு எங்கே போய் முடியும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒரு முறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று யூடியூபில் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2.00-இல் எடுப்பதாக வைத்து 100, 200, 400 என்று ஏற்றிக்கொண்டே போய் ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700 ரூபாய். எட்டாவது முறைக்கு 12,800 ரூபாய் வேண்டும், வெறும் 100 ரூபாய் லாபத்துக்காக. தொடர்ந்து ஏழு தோல்வி அபூர்வம் இல்லையா என்றால், இல்லை. 200 சுற்று ஆடுபவருக்கு அப்படி ஒரு வரிசை ஒரு முறையாவது வருவதற்கே வாய்ப்பு அதிகம். கடனில் மூழ்கியவர்கள் பலரும் முதல் 100 ரூபாயில் மூழ்கவில்லை. இந்தப் படிக்கட்டில் ஏறித்தான் மூழ்கினார்கள்.

முடிவைப் பின்னால் திருத்தவில்லை என்று காட்ட, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சங்கேதக் குறியீட்டை முன்கூட்டியே வெளியிடும் ஏற்பாடு மூல விளையாட்டான ஏவியேட்டரில் உண்டு. அது உண்மையான ஏற்பாடுதான். ஆனால் ஏமாற்றவில்லை என்பதும் நீங்கள் தோற்க மாட்டீர்கள் என்பதும் ஒன்றல்ல. நூறு விழுக்காடு நேர்மையாக நடந்தாலும் அந்த மூன்று ரூபாய் போகத்தான் போகிறது.

நேர்மை இல்லாத இடங்களோ ஏராளம். டெலிகிராமில் வரும் செயலிக் கோப்பை (ஏபிகே) நிறுவி ஆடுகிறவருக்கு, அந்த விமானத்தை யார் இயக்குகிறார்கள் என்றே தெரியாது. அடுத்த சுற்று எங்கே முடியும் என்று முன்கூட்டியே சொல்வதாக 'பிரிடிக்டர்' செயலிகளையும் 'சிக்னல்' குழுக்களையும் காசுக்கு விற்கிறார்கள். அப்படி ஒன்று இருக்கவே முடியாது. இருந்தால் விற்பவர் அதை உங்களுக்கு ஏன் தரப்போகிறார்? பணம் கட்டும்போது யுபிஐ-யில் தெரியும் பெயரைக் கவனியுங்கள். ஒரு நாள் ஒரு பெட்டிக்கடை, மறுநாள் யாரோ ஒரு தனிநபர். அவை பெரும்பாலும் வாடகைக்கு வாங்கப்பட்ட வங்கிக் கணக்குகள். வென்ற பணம் அப்படிப்பட்ட கணக்கிலிருந்து உங்களுக்கு வந்தால், வேறு மாநிலப் போலீஸ் உங்கள் கணக்கையும் சேர்த்து முடக்கக்கூடும்; சம்பளப் பணமும் உள்ளே சிக்கிக்கொள்ளும். கமிஷனுக்கு ஆசைப்பட்டு உங்கள் கணக்கை, சிம் கார்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதில் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்ததை ரத்து செய்தது. சூதாட்டத் தடையை ஏற்றுக்கொண்டது. கிராஷில் திறமைக்கு வேலையே இல்லை என்று மேலே பார்த்தோம். எனவே அது தடைக்குள்தான் வருகிறது. இந்தச் சட்டத்தில் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்கிறது: நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ரீல்ஸில் சிரித்துக்கொண்டே 'லிங்க் பயோல இருக்கு' என்று சொல்பவருக்கும் இது பொருந்தும். இந்த மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. 50,000 ரூபாய் வென்றதாகத் திரை காட்டியும் செயலி தர மறுத்தால், அதைக் கேட்டு நீங்கள் வழக்குப் போட முடியாது. "வரி கட்டினால் விடுவிப்போம்", "சரிபார்ப்புக் கட்டணம் அனுப்புங்கள்" என்று அடுத்த செய்தி வரும். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வரி அரசுக்குப் போவது. டெலிகிராம் ஏஜென்டுக்கு அல்ல.

போலிச் செயலியில் ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள். இதில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். பரிவர்த்தனை எண், யுபிஐ முகவரி, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். தெரிந்தே ஆடித் தோற்ற பணம் திரும்புவது கடினம். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆடியதற்காக நம் மேலேயே வழக்கு வருமோ என்று பயந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதற்கான எண் 15100. கணக்கு முடக்கப்பட்டிருந்தால், எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண் என்று வங்கிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

ஆட்டத்துக்கு வாங்கிய கடனுக்காக மிரட்டுகிறார்களா? வங்கிகள், நிதி நிறுவனங்கள் சார்பில் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தெருவில் வாங்கிய கந்துவட்டி என்றால் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் வீட்டில் ஒரு பையனோ கணவரோ இதில் சிக்கியிருப்பது தெரிந்தால், திட்டுவதைத் தள்ளி வையுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு என்று பயப்படாமல் சொல்ல விடுங்கள். அவர் போனில் யுபிஐ வரம்பைக் குறைத்துவிட்டு, அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அழையுங்கள். இரவானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள்.