யூரியா மட்டும் போதாது: மானாவாரி மக்காச்சோளம் உணர்த்தும் பாடம்

புதுதில்லி: உர மானியம் குறித்து நாடாளுமன்றத்தில் நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் தட்டுப்பாடு, விலை உயர்வு ஆகிய இரண்டையும் சுற்றியே அமைகின்றன. எந்த உரத்தை எந்த அளவில் இடுவது என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது. மழையை நம்பி மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிகளின் வருவாயோ அந்தக் கேள்வியைத்தான் பெரிதும் சார்ந்துள்ளது.

கர்நாடகம் இதற்குச் சான்று. அங்கு 2009-ஆம் ஆண்டு "பூசேதனா" திட்டம் தொடங்கப்பட்டது. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியுடன் மண் மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. தாவணகெரே, ஹாவேரி உள்ளிட்ட மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் கந்தகம், துத்தநாகம், போரான் ஆகிய சத்துகள் பரவலாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. அவற்றை மாநில அரசு 50 சதவீத மானியத்தில் வழங்கியது. பரிந்துரைப்படி உரமிட்ட வயல்களில் மக்காச்சோள விளைச்சல், வழக்கமான முறையைப் பின்பற்றிய வயல்களைவிட 20 சதவீதத்துக்கும் மேல் அதிகரித்ததாகப் பதிவாகியுள்ளது.

யூரியா தருவது தழைச்சத்து மட்டுமே. துத்தநாகம் குறைந்தால் மக்காச்சோளத்தின் இளம் இலைகளில் வெளிறிய பட்டைகள் தோன்றி, வளர்ச்சி குன்றும். சாம்பல்சத்து, இலைத்துளைகள் வழியே நீர் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தி, வறட்சியைத் தாங்க உதவுகிறது. ஒரு சத்து குறைந்தாலும் மற்றவற்றின் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை. யூரியாவையும் ஒரே தவணையில் இடாமல், மண்ணில் ஈரம் உள்ளபோது பிரித்து இடுவதே பயன் தரும்.

மத்திய அரசின் விலைக் கொள்கையோ இதற்கு எதிர்த்திசையில் அமைந்துள்ளது. 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. 2024-ஆம் ஆண்டில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை வரி நீங்கலாக ரூ.242, 50 கிலோ டிஏபி மூட்டையின் விலை ரூ.1,350. பொட்டாஷின் விலையும் யூரியாவைவிடப் பல மடங்கு அதிகம். மழை பொய்த்தால் போட்ட முதலும் திரும்பாது என்ற நிலையில் உள்ள மானாவாரி விவசாயி, மலிவான யூரியாவை மட்டும் வாங்குவதில் வியப்பில்லை.

2015 பிப்ரவரியில் ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டத்தைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். நிலத்தில் எந்தச் சத்து குறைவு என்பதை அந்த அட்டை தெரிவிக்கும். அதை வாங்கும் வசதியை அளிக்காது. கனிமொழி தலைமையிலான ரசாயனம், உரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, மானியத்தை விவசாயிகளின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தும் முறையை 2020 மார்ச்சில் வலியுறுத்தியது. மானியம் கைக்கு வந்தால், தன் மண்ணுக்குத் தேவையான உரத்தை விவசாயியே தேர்வு செய்ய முடியும். அதேசமயம், தொகை தாமதமானாலோ, குத்தகை விவசாயிகள் பட்டியலில் விடுபட்டாலோ பாதிப்பு ஏழைகளுக்கே என்ற அச்சமும் நியாயமானது.

கோழித் தீவனத்துடன் எத்தனால் உற்பத்திக்கும் மக்காச்சோளம் பெருமளவில் தேவைப்படும் காலம் இது. அந்தத் தேவையை மானாவாரி நிலங்கள் ஈடுசெய்ய வேண்டுமெனில், மண் பரிசோதனையின் முடிவும் மானியத்தின் போக்கும் ஒரே திசையில் செல்ல வேண்டும்.