உறைந்தும் உயிர் துறவாத் தவளை

தவளை, தேரை, நுணல், மண்டூகம் என இவ்வினத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழிலே பல. அவற்றுள் நுணல் என்பது நிலத்துட் புதைந்து கிடப்பது. வெப்ப நாட்டுத் தவளை வறட்சிக்கு அஞ்சி மண்ணுட் புகும். பனிநாட்டுத் தவளைக்கோ பகை வேறு. நீர் உறையுங்காற் பருமனிற் பெருகும், கூரிய பளிங்குகளாகும். உயிர்க்கலத்தினுள்ளே அது நிகழுமாயின் கலம் சிதையும். தன் உடற்சூட்டைத் தானே காக்கமாட்டாத பிராணி என்செய்யும்?

சில தவளைகள் குளத்தின் அடியை நாடும். மேலே பனிக்கட்டி மூடினும் அடியில் நீர் நீராகவே இருக்குமாதலின், ஆண்டுத் தோலினாற் சுவாசித்துக் குளிர்காலத்தைக் கழித்துவிடும். இதில் வியப்பு அதிகமில்லை.

வியக்கத்தக்கது அலாசுக்காவிலும் கனடாவிலும் வாழும் காட்டுத்தவளை. இரண்டு மூன்று அங்குல நீளமே உடைய இச்சிறு பிராணி, ஆழத் தோண்டவும் அறியாது, உதிர்ந்த சருகின் கீழே ஒடுங்கும். குளிர் வந்து பற்றும், தவளை உறைந்துபோம். உடல்நீரில் மூன்றிலிரு பகுதியளவு பனிக்கட்டியாகும். மூச்சில்லை, இதயத்துடிப்பில்லை, குருதியோட்டமில்லை. தட்டினாற் கல்லெனவே ஒலிக்கும். இவ்வாறு உறைந்த தவளை மீண்டும் உயிர்ப்பதை மினசோற்றாப் பல்கலைக்கழகத்து வில்லியம் சிமிட் 1982ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் ஒற்றாவா நகரத்துக் கார்ல்ற்றன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ஸ்ரோரி, சனற் ஸ்ரோரி என்னும் தம்பதியர் இதன் நுட்பத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தனர்.

அந்நுட்பம் சர்க்கரையில் இருக்கின்றது. தோலிற் பனி அரும்பிய சில நிமிடங்களுள்ளே ஈரல் தான் சேமித்த கிளைக்கோசனைக் குளுக்கோசாக்கிக் குருதியிற் சொரியும். இதயம் நிற்குமுன் அது உறுப்பெங்கும் சென்று சேரவேண்டும். குருதிச் சர்க்கரை வழக்கமான அளவினும் பல பத்து மடங்கு உயரும். நீரிழிவு நோயினர் இதனைக் கேட்டால் நடுங்குவர்! பனிக்கட்டி கலங்களுக்கு வெளியேதான் உண்டாகும். அது கலத்தினுள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுக்கும். கலம் வற்றிச் சுருங்கி அழியாதவாறு உள்நீரைப் பிடித்துவைப்பது அச்சர்க்கரையே. முன்னரே உடலிற் சேர்ந்த யூரியாவும் அதற்குத் துணை. 2014இல் வெளிவந்த அலாசுக்கா ஆய்வொன்றில், தவளைகள் ஆறு மாதத்துக்கு மேல் உறைந்து, சூனியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரையும் தாங்கி, ஒன்றேனும் இறவாது எழுந்தன.

இதனை நாம் மாணாக்கர்க்குக் 'குளிர்காலத் துயில்' என்று சொல்லிவிடுகின்றோம். அது பொருந்தாது. துயில்வோனுக்கு மூச்சுண்டு, நாடியுண்டு. உறைதல் என்பதே தக்க சொல். இறுகுதலும் தங்குதலும் ஆகிய இருபொருளும் அதற்கு உண்டன்றோ? உடல் இறுக, உயிர் அதனுள் தங்குகின்றது. நாடி பிடித்து உயிர் உண்டு, இல்லை எனத் துணியும் நம் அளவுகோல் இத்தவளையிடம் செல்லாது. மாற்றுச் சிகிச்சைக்காக எடுத்த மனித இதயத்தைப் பனிக்கட்டிப் பெட்டியிற் சில மணி நேரமே பேணமுடிகின்றது என்பதை எண்ணினால், மருத்துவர்கள் இச்சிற்றுயிரை ஆராய்வதன் காரணம் விளங்கும்.

பனி உருகுங்கால் முதலில் இதயம் துடிக்கும். பின்னர் மூச்சு வரும். அதன்பின் கால்கள் அசையும். எஞ்சிய சர்க்கரை ஈரலுக்கே திரும்பும். உடனே அது பனியுருகிய நீர் தேங்கிய பள்ளங்களை நாடும். கோடையில் வற்றும் அப்பள்ளங்களில் முட்டை தின்னும் மீன் இல்லை. ஏனைய தவளைகள் வருமுன்னரே அது ஆங்கு முட்டையிட்டுவிடும்.